ஒரே கணினித் திரையில் பதினொரு மார்க் த்ராம்ப்ளே: இந்தக் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது?

பனிக்காட்டு_பாண்டி எழுதியது:

வணக்கம் மக்களே. நான் கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தில் சிக்கூட்டிமி என்கிற ஊரில் படிக்கிறேன், வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மாலையில் ஒரு மருந்துக்கடையில் பகுதிநேர வேலை. முதல் நாளே எனக்கு ஒரு அடி விழுந்தது. வந்தவர் குடும்பப் பெயர் த்ராம்ப்ளே என்றார், கணினியில் தட்டினேன், பட்டியல் கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறது. சரி, முதல் பெயர் என்ன என்றேன். மார்க் என்றார். மார்க் த்ராம்ப்ளே மட்டுமே பதினொரு பேர்! பக்கத்துக் கவுண்டரில் இருந்த அக்கா (அவரும் த்ராம்ப்ளே) சிரித்துவிட்டு, "இந்த ஊரில் பெயரைக் கேட்காதே, பிறந்த தேதியைக் கேள்" என்றார்.

கல்லூரியில் ஒரு பேராசிரியர் த்ராம்ப்ளே, வீட்டுக்காரர் த்ராம்ப்ளே, பேருந்து ஓட்டுநரின் சட்டையிலும் அதே பெயர். கேட்டால் ஒருவருக்கொருவர் உறவே இல்லை என்கிறார்கள். இது நம் ஊர் மாதிரி சாதிப் பெயரா, ஊர்ப் பெயரா, இல்லை எல்லோரும் உண்மையிலேயே பங்காளிகளா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விதண்டாவாதி எழுதியது:

நம்ம பக்கம் ஒரு தெரு முழுக்க ஒரே பட்டப்பெயர் இருந்தால் என்ன அர்த்தமோ அதுதான் அங்கேயும். பெயரில் என்ன இருக்கிறது, வெள்ளைக்காரனுக்கும் சாதி உண்டு, வெளியே சொல்ல மாட்டான், அவ்வளவுதான்.

மட்டுறுத்துநர்:

சாதி விவாதத்துக்கு வேறு இழை இருக்கிறது, அதுவும் பூட்டிக் கிடக்கிறது. இங்கே தலைப்பை மட்டும் பேசவும்.

பேரேட்டுக்காரர் எழுதியது:

பாண்டி தம்பி, சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இதுதான் பொழுதுபோக்கு. கியூபெக் எல்லையில் ஓடும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒட்டாவாவில் இருக்கிறேன். என் வம்சத்தைத் தேடலாம் என்று ஆரம்பித்தேன், தாத்தாவுக்கு மேல் ஒரு காகிதமும் கிடைக்கவில்லை, சரி போகட்டும் என்று ஊரார் வம்சத்தைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

உங்கள் கேள்விக்கு விடை: அவர்கள் எல்லோரும் பங்காளிகள்தான். உறவே இல்லை என்று சொல்வதும் பொய்யில்லை, ஏனென்றால் பத்துப் பன்னிரண்டு தலைமுறைக்கு அப்பால் போய்த்தான் இரண்டு கிளையும் சேரும். கியூபெக்கிலும், அங்கிருந்து பிரிந்து அமெரிக்காவுக்குப் போனவர்களிலும் இந்தப் பெயரை வைத்திருப்பவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே ஒரு ஆணின் வழி வந்தவர்கள். பெயர் பியேர் த்ராம்ப்ளே. 1626இல் பிரான்சின் பெர்ஷ் பகுதியில் ராந்தொனே என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா பிலிபேர் த்ராம்ப்ளே, அம்மா ஜான் கொஞே. அது காடும் கால்நடையும் இரும்பு உலைகளும் உள்ள ஊர்ப்பக்கம், நார்மண்டிக்குத் தெற்கே.

1647இல், இருபத்தொரு வயதில், கூலி ஒப்பந்தத்தில் கப்பல் ஏறினார். இப்படிப் போனவர்களுக்கு ஊரில் "முப்பத்தாறு மாதக்காரர்கள்" என்று பட்டப்பெயர், ஏனென்றால் வழக்கமான ஒப்பந்தம் மூன்று வருடம். அது முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். இவர் திரும்பவில்லை. பத்து வருடம் கழித்து, 1657 அக்டோபர் 2ஆம் தேதி, கியூபெக் நகரில் ஒஸான் அஷோன் என்ற பெண்ணை மணந்தார். அந்தப் பெண் லா ரொஷேல் துறைமுகத்தை ஒட்டிய ஒனிஸ் பகுதிக்காரர், அதே வருடம்தான் கப்பலில் வந்து இறங்கியிருந்தார். பன்னிரண்டு பிள்ளைகள். அதில் பியேர், மிஷேல், ஜாக், லூயி என்ற நான்கு பையன்களின் வழியாகத்தான் உங்கள் கணினிப் பட்டியல் நீள்கிறது.

பெயரின் பொருளை அப்புறம் எழுதுகிறேன், சாப்பாட்டு நேரம்.

லோவல்_லதா எழுதியது:

ஐயா, சாப்பிட்டுவிட்டு வந்து ஒரு சந்தேகம் தீர்க்க வேண்டும். நான் மாசசூசெட்ஸில் லோவலில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பாட்டி பெயர் திருமதி ட்ராம்ப்ளி. எண்பத்தைந்து வயது, பனி பெய்தால் எனக்கு முன்னால் எழுந்து வாசலைத் தள்ளி வைப்பார். அவர் கணவரின் தாத்தா கனடாவிலிருந்து பஞ்சாலை வேலைக்கு வந்தவராம். கப்பலில் வந்தவர்களை நியூயார்க் துறைமுகத்தில் பதிவு செய்த எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை மாற்றி எழுதிவிட்டார் என்று சொல்கிறார். இதுவும் அதே பெயரா?

பரிஸ்பொடியன் எழுதியது:

இந்தப் பெயரை நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன்! பரிஸுக்கு வடகிழக்கே த்ராம்ப்ளே-ஆன்-பிரான்ஸ் என்று ஒரு நகரம், ஷார்ல் து கோல் விமான நிலையத்தின் ஒரு பகுதி அந்த எல்லைக்குள்தான் கிடக்கிறது. எங்கட ஆட்களும் அந்தப் பக்கம் கனபேர் வீடு வாங்கி இருக்கிறார்கள். நான் விமான நிலையத்தில் சாமான் ஏற்றுகிற வேலை, தொடருந்தில் அதைத் தாண்டித்தான் போவேன். ஆகவே அந்தப் பியேர் இங்கேயிருந்துதான் போயிருப்பார் போல. ஊர்ப் பெயரைக் குடும்பப் பெயராக வைத்திருக்கிறார், விளங்குகிறது.

பேரேட்டுக்காரர் எழுதியது:

ஒவ்வொன்றாக வருகிறேன்.

முதலில் பொருள். பிரெஞ்சில் 'த்ராம்ப்ல்' என்றால் ஒரு மரம், நடுங்கு மரம் என்று சொல்லலாம், நெட்டிலிங்கம் மாதிரி உயரமாக வளரும் குளிர்நாட்டு மரம். 'நடுங்கு' என்பதுதான் அதன் பெயர். இலைக்காம்பு உருண்டையாக இல்லாமல் பட்டையாக இருக்கும், அதுவும் இலைக்குக் குறுக்கே நிமிர்ந்த பட்டை. அதனால் மற்ற மரங்கள் அசையாமல் நிற்கும் நேரத்திலும் இது மட்டும் சலசலத்துக்கொண்டே இருக்கும். நம் அரசமரத்தடியில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். பாண்டி, உங்கள் ஊரில் சாலையோரம் நிறைய நிற்கும், இலையுதிர் காலத்தில் பொன்மஞ்சளாகும், கனடாவில் இருப்பது அதன் அண்ணன் தம்பி வகை.

அந்த மரங்கள் கூட்டமாக நிற்கும் இடம் 'த்ராம்ப்ளே'. லத்தீனில் மரத்தோப்பைக் குறிக்கும் 'ஏட்டும்' என்ற விகுதி பிரெஞ்சில் தேய்ந்து 'ஏ' ஆனது. வாதாம் இல்லை, கொய்யா இல்லை, அந்த நாட்டு மரங்கள்: ஓக் நின்றால் ஷெனே, ஆஷ் நின்றால் ஃபிரெனே, ஆல்டர் நின்றால் ஓனே. நம் ஆலங்காடு, வேற்காடு, மாங்காடு போலத்தான்.

இதில்தான் பரிஸ்பொடியன் தம்பி வழுக்கிவிட்டார். ஆலங்காடு என்று ஒரே ஊரா இருக்கிறது? நடுங்கு மரத்தோப்பு பிரான்சின் வடபாதி முழுக்க உண்டு, த்ராம்ப்ளே என்ற ஊரும் அதே மாதிரி பல. பிரான்சின் மேற்கே பிரித்தானி பகுதியில் ஒன்று, வெர்சாய் பக்கம் மோல்ட்ர் ஆற்றங்கரையில் ஒன்று, சின்னச் சின்னப் பண்ணைகளைச் சேர்த்தால் எண்ணி மாளாது. நீங்கள் தாண்டிப் போகும் நகரத்துக்கே 1989 வரை த்ராம்ப்ளே-லே-கொனேஸ் என்றுதான் பெயர். பியேர் பிறந்த பெர்ஷ் அங்கிருந்து மேற்கே வெகு தூரம். அவருடைய முன்னோர் எந்தத் தோப்போரம் குடியிருந்து இந்தப் பெயரைப் பெற்றார்களோ, அந்தத் தோப்பு இப்போது நிற்கிறதா என்பதுகூடச் சந்தேகம். எனவே பிரான்சில் இரண்டு த்ராம்ப்ளே சந்தித்தால் உறவாக இருக்க வேண்டியதில்லை. கியூபெக்கில் சந்தித்தால் பந்தயம் கட்டலாம்.

பரிஸ்பொடியன் எழுதியது:

நன்றி ஐயா. இனி விமான நிலையம் போகும்போது மரத்தைத் தேடுவேன். இருக்கிறதெல்லாம் கொங்கிரீட்டும் சாமான் கிடங்கும்தான்.

விதண்டாவாதி எழுதியது:

ஒரு நிமிடம். இந்தக் குடும்பம் கூலிக்காரன் வம்சம் இல்லை, பிரபு வம்சம் என்று படித்திருக்கிறேன். பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசரின் முதலமைச்சராக இருந்த கார்டினல் ரிஷ்லியூவுக்கு வலதுகையாக இருந்த பாதிரியார் ஜோசப்பின் உண்மைப் பெயர் து த்ராம்ப்ளே. சாம்பல் அங்கி போட்டுக்கொண்டு திரைக்குப் பின்னால் பிரான்சையே ஆட்டி வைத்தவர். என் நண்பரின் வீட்டில் த்ராம்ப்ளே குலச்சின்னம் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது, கேடயம், சிங்கம், எல்லாம் இருக்கிறது. கூலி ஆளுக்குக் கேடயம் எங்கிருந்து வந்தது?

பேரேட்டுக்காரர் எழுதியது:

கடையிலிருந்து வந்தது. பெயரைச் சொன்னால் கேடயம் அச்சடித்துக் கொடுக்கும் வியாபாரம் உலகம் முழுக்க நடக்கிறது. உங்கள் பெயருக்குக்கூட ஒன்று கிடைக்கும், விதண்டாவாதி.

பாதிரியார் ஜோசப் கதை உண்மை, ஆனால் அவர் குடும்பப் பெயர் லெக்லேர். ஃபிரான்சுவா லெக்லேர் து த்ராம்ப்ளே, 1577இல் பிறந்து 1638இல் இறந்தவர். 'து த்ராம்ப்ளே' என்பது அந்தக் குடும்பம் வைத்திருந்த நிலத்தின் பெயர், நான் மேலே சொன்ன மோல்ட்ர் ஆற்றங்கரை ஊர். நம் ஜமீன்தார்கள் ஜமீன் பெயரை முன்னால் போட்டுக்கொள்வது போல. அந்த ஒரு எழுத்தில் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்: 'து' இருந்தால் தோப்புக்குச் சொந்தக்காரர் (எப்போதும் அப்படி இல்லை, பெரும்பாலும்), இல்லாவிட்டால் தோப்போரம் குடியிருந்தவர். கியூபெக் பியேர் இரண்டாவது வகை. துறவியானவருக்கு வாரிசும் கிடையாது என்பதை வேறு சொல்ல வேண்டியிருக்கிறது.

காரைக்கால்_கடலை எழுதியது:

விதண்டாவாதிக்கு இன்று நேரம் சரியில்லை.

இழைக்குச் சற்று வெளியே போகிறேன், மன்னிக்கவும். பிரெஞ்சுக் குடும்பப் பெயர் என்றதும் எங்கள் பக்கத்துக் கதை ஞாபகம் வந்தது. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, புதுச்சேரி, காரைக்கால்காரர்கள் சொந்த சாதி, மதச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம் என்று ஆனது. வந்தால் ஒரு குடும்பப் பெயர் வைத்தே ஆக வேண்டும். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாபோர்த்' என்று வைத்துக்கொண்டார். வாசற்கதவு என்று பொருள். அங்கே ஒரு பெயர் நானூறு வருடம் மரம் மாதிரி வளர்ந்தது, இங்கே ஒரு நாள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதும் பெயர் பிறந்துவிட்டது. ஆகவே பிரெஞ்சுப் பெயர் வைத்திருப்பவர் எல்லாம் பிரான்சிலிருந்து வந்தவர் என்று நினைக்காதீர்கள். அவ்வளவுதான், நீங்கள் தொடருங்கள்.

பனிக்காட்டு_பாண்டி எழுதியது:

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. ஐயா, இரண்டு கேள்வி. ஒன்று, அத்தனை பெரிய பிரான்சில் அந்தச் சின்ன ஊர்ப்பக்கத்திலிருந்து ஆட்கள் கிளம்பியது ஏன்? இரண்டு, வேறு குடும்பங்களும்தானே வந்தன, இவர்கள் மட்டும் எப்படி இப்படிப் பெருகினார்கள்? நான் இருக்கும் சாகெனே பக்கம்தான் ரொம்ப அதிகம், மொன்றியல் போனால் இந்த அளவுக்குக் கண்ணில் படுவதில்லை.

பேரேட்டுக்காரர் எழுதியது:

முதல் கேள்விக்கு விடை உங்கள் தொழிலில் இருக்கிறது தம்பி. பெர்ஷ்காரர்களைக் கிளப்பியவர் ஒரு மருந்துக்காரர்! ரொபேர் ஜிஃபார், அறுவை மருத்துவர், மருந்து வணிகர். 1634இல் கியூபெக் நகருக்குப் பக்கத்தில் போபோர் என்ற பெரிய நிலம் அவருக்கு மானியமாகக் கிடைத்தது. நிலம் இருந்தால் போதுமா, வெட்டித் திருத்த ஆள் வேண்டாமா? சொந்த ஊர்ப்பக்கம் போய்த் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று கூட்டி வந்தார். தச்சர், கொத்தர், குடியானவர். தூரூவ்ர் ஊர் ஜுஷெரோ சகோதரர்களும் அதே வேலையில் இறங்கினார்கள், பியேரை 1647இல் ஒப்பந்தம் செய்தது அவர்களில் ஒருவரான நோயெல் ஜுஷெரோதான். வளைகுடாவுக்கு ஒரு ஊரிலிருந்து ஒருவர் போனால் பின்னாலேயே பாதித் தெரு போகுமே, அதே கதை. மொத்தமே சில நூறு பேர்தான், ஆனால் ஆரம்பத்திலேயே வந்து, குடும்பமாக நிலைத்ததால், பின்னால் வந்தவர்களைவிட வாரிசுகள் பல மடங்கு. ராந்தொனே இப்போது தனி ஊராட்சி இல்லை, 2016இல் பக்கத்து ஊர்களோடு தூரூவ்ருடன் சேர்த்துவிட்டார்கள். இன்றும் கோடையில் கியூபெக்காரர்கள் முன்னோர் ஊர் பார்க்க அங்கே போகிறார்கள்.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் நீளம்.

பியேரின் மூத்த மகன், அவர் பெயரும் பியேர், 1710இல் லேஸ் எபூல்மான் என்ற நிலமானியத்துக்கு உரிமையாளர் ஆனார். கூலியாக வந்தவரின் மகன் நிலப்பிரபு! ஊரின் பெயருக்கு 'நிலச்சரிவுகள்' என்று பொருள், 1663 பிப்ரவரி நிலநடுக்கத்தில் மலையே சரிந்த இடம், அதை வாங்க எத்தனை பேர் போட்டி போட்டிருப்பார்கள் என்று தெரியவில்லை. அது செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் வடகரையில் ஷார்ல்வுவா பகுதி. மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே நாடா மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் நிலம். மற்ற மகன்களின் பிள்ளைகளும் அந்தப் பக்கமே நகர்ந்தார்கள். பத்துப் பிள்ளை பெறுவது சாதாரணம் என்ற காலம். 1763இல் கனடா பிரிட்டன் கைக்குப் போனதும் பிரான்சிலிருந்து புது ஆள் வரத்தும் நின்றுவிட்டது. கதவைச் சாத்திவிட்டு, உள்ளே இருந்தவர்களே பெருகினார்கள்.

நூறு வருடத்தில் அந்த நாடா நிலம் நிரம்பிவிட்டது. வடக்கே உங்கள் சாகெனே ஆற்றுப் பள்ளத்தாக்கு காலியாகக் கிடந்தது. காலி என்றால் இன்னு பழங்குடியினர் அங்கே ஆயிரக்கணக்கான வருடங்களாக இருக்கிறார்கள், குடியேற்றக்காரர்களுக்குத்தான் அனுமதி இல்லை, ரோமத்தோல் வணிகத்துக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். ஷார்ல்வுவாவின் லா மல்பே ஊரில் இருபத்தொரு பேர் பங்குபோட்டு, மரம் வெட்ட உரிமம் என்று சொல்லி, 1838 ஜூனில் இப்போது லா பே என்கிற இடத்தில் இறங்கினார்கள். "இருபத்தொருவர் சங்கம்" என்று பெயர். பைன் மரத்தை வெட்டிக்கொண்டே பின்னால் மெதுவாகக் குடும்பத்தையும் மாட்டையும் கொண்டுவந்து உட்கார்ந்துவிட்டார்கள். தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? அலெக்சி த்ராம்ப்ளே. ஷார்ல்வுவாவில் நெருக்கமாக இருந்த பெயர், சாகெனேயில் இன்னும் நெருக்கமாகிவிட்டது. கியூபெக் முழுக்க எடுத்தால் நூற்றில் ஒருவருக்குச் சற்று மேல், அதுவே முதலிடம். அடுத்தடுத்து கஞோன், ருவா, கோத்தே, பூஷார்.

லோவல்_லதா எழுதியது:

ஐயா என் பாட்டியை மறந்துவிட்டீர்கள்.

பேரேட்டுக்காரர் எழுதியது:

மறக்கவில்லை அம்மா. ட்ராம்ப்ளி, ட்ராம்ப்லி, ட்ரெம்ப்ளி எல்லாம் அதே பெயர்தான். ஆனால் எல்லிஸ் தீவுக் கதை நடக்காத கதை. கியூபெக்கிலிருந்து லோவலுக்குக் கடல் வழியா வருவார்கள்? ரயில் ஏறினால் மறுநாள் வந்துவிடலாம். 1840க்கும் 1930க்கும் இடையே ஏறக்குறைய ஒன்பது லட்சம் பேர் இப்படி நியூ இங்கிலாந்து ஆலை ஊர்களுக்கு வந்தார்கள்: லோவல், மான்செஸ்டர், வூன்சாக்கெட், லூயிஸ்டன். பண்ணை பிரித்துப் பிரித்துத் துண்டாகிவிட்டது, கடன், ஆலையில் பிள்ளைகளுக்கும் வேலை உண்டு. அவ்வளவுதான் காரணம்.

பெயரை மாற்றியது ஒரு அதிகாரி இல்லை, பல பேர், பல நாள். ஆலை மேஸ்திரி காதில் விழுந்தபடி சம்பளப் பட்டியலில் எழுதுவார், மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் இன்னொரு விதமாக, பள்ளிக்கூட ஆசிரியை மூன்றாவது விதமாக. அதே குடும்பம் ஞாயிற்றுக்கிழமை பிரெஞ்சு தேவாலயத்தில் பழைய எழுத்தில் இருக்கும். பொருள் தெரிந்த பெயர்களை மொழிபெயர்த்தே வைத்தார்கள், ருவா (அரசர்) 'கிங்' ஆனார், லெப்லான் 'ஒயிட்' ஆனார், புவாவேர் 'கிரீன்வுட்' ஆனார். த்ராம்ப்ளேயை ஓசையைக் கொண்டு ஒப்பேற்றினார்கள். மிச்சிகனிலும் ட்ராம்ப்ளி உண்டு, அது வேறு கிளை, டெட்ராய்ட் ஆற்றங்கரைக்கு 18ஆம் நூற்றாண்டிலேயே போனவர்கள்.

பாட்டி வீட்டில் பழைய திருமணச் சான்றிதழ் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். கணவரின் பெற்றோர் பெயர் கிடைத்தால் ஒரே மாலையில் 1657 வரை போய்விடலாம். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

விதண்டாவாதி எழுதியது:

ஒரே மாலையில் 370 வருடமா? எனக்கு ஒரு வாக்காளர் பட்டியலில் அப்பா பெயரைத் திருத்தவே எட்டு மாதம் ஆனது.

பேரேட்டுக்காரர் எழுதியது:

அவர்கள் கெட்டிக்காரர்கள் என்று இல்லை, பாதிரியார்கள் எழுதி வைத்தார்கள். ஒவ்வொரு பங்கிலும் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம். 1679க்குப் பிறகு இரண்டு பிரதி, ஒன்று பங்கில், இன்னொன்று நீதிமன்றத்தில், ஒன்று எரிந்தாலும் மற்றது இருக்கும். தங்கே என்ற பாதிரியார் 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதி வம்சாவளி அகராதி போட்டார். 1966இல் மொன்றியல் பல்கலைக்கழகம் இதையெல்லாம் கணினியில் ஏற்ற ஆரம்பித்தது.

எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. பெண்களைத் திருமணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதினார்கள். ஊரார் வாயில் கணவன் பெயர்தான், ஆனால் பத்திரத்தில், அடக்கப் பதிவில் அவள் அப்பன் பெயர். ஒஸான் அஷோன் பன்னிரண்டு பிள்ளை பெற்ற பிறகும் காகிதத்தில் அஷோன்தான். இங்கிலாந்துப் பதிவேடுகளில் தேடியவர்களுக்கு இதன் அருமை தெரியும், அங்கே மேரி என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது, தேடல் அந்த இடத்தில் செத்துவிடும். வேடிக்கை என்னவென்றால், அஷோன் என்ற பெயரை இன்று அங்கே தேடினால் கண்ணில் படாது. இத்தனை பேருக்கும் பாட்டி அவள்தான், ரத்தத்தில் பாதி அவளுடையதுதான், ஆனால் பலகையில் எழுதியிருப்பது பியேரின் பெயர்.

ஆய்வகத்து_ஆனந்தி எழுதியது:

ஐயா சொன்ன கடைசி வரிக்காகவே உள்ளே வந்தேன். மரபணு ஆய்வகத்தில் வேலை செய்பவள் என்ற முறையில் ஒரு விஷயம். பெயர் அப்பா வழியில் போவது போல, ஆண்களின் ஒய் குரோமோசோமும் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். அதனால் பியேரின் பெயரும் அவருடைய அந்த ஒரு குரோமோசோமும் கைகோத்துக்கொண்டு வந்திருக்கின்றன. மற்ற 45 குரோமோசோம்களும் ஒவ்வொரு தலைமுறையிலும் கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டு. பன்னிரண்டாம் தலைமுறைக்கு மேலே ஆயிரக்கணக்கான முன்னோர் இடங்கள், அதில் பியேர் ஓரிரு இடத்தில்தான் இருப்பார். (சாகெனேயில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருப்பார், அது வேறு.)

விதண்டாவாதி எழுதியது:

ஆ, அதைத்தான் கேட்கலாம் என்று இருந்தேன். சாகெனேயில் பரம்பரை நோய்கள் அதிகம் என்று படித்தேன். ஒரே பெயர், ஒரே ஊர். மாமன் மகள், அத்தை மகள் என்று மாறி மாறிக் கட்டியிருப்பார்கள், நம்மை மட்டும் குறை சொல்வார்கள்.

ஆய்வகத்து_ஆனந்தி எழுதியது:

அண்ணா, இந்தத் தவறான எண்ணத்தை நிறையப் பேரிடம் கேட்டிருக்கிறேன், அதனால் பொறுமையாக எழுதுகிறேன்.

மாமன் மகளைக் கட்டுவதைக் கத்தோலிக்கத் திருச்சபை லேசில் விடாது. அந்தக் காலத்தில் எள்ளுத்தாத்தா ஒன்றாக இருந்தாலே தடை, ஆயரிடம் மனுப்போட்டு விலக்கு வாங்க வேண்டியிருந்தது. நெருங்கிய உறவில் கல்யாணம் அங்கே அதிகமாக நடந்ததாகப் பதிவேடுகள் காட்டவில்லை. நடந்தது வேறு. ஷார்ல்வுவாவுக்குப் போனது சில குடும்பங்கள், அதிலிருந்து சாகெனேக்குப் போனது அதன் ஒரு பகுதி. அந்தச் சிறு கூட்டத்தில் யாரோ ஒருவர் ஒரு பழுதான மரபணுவை, தனக்கே தெரியாமல், பையில் வைத்திருந்தார். பிரான்சிலேயே இருந்திருந்தால் கோடிப் பேரில் கரைந்திருக்கும். இங்கே கூட்டம் சிறியது, வேகமாகப் பெருகியது, பழுதும் கூடவே பெருகியது. இதற்கு நிறுவனர் விளைவு என்று பெயர். டைரோசினீமியா முதல் வகை என்ற கல்லீரல் நோயின் மரபணுவை அந்தப் பகுதியில் ஏறக்குறைய இருபது பேரில் ஒருவர் சுமக்கிறார். நடையைப் பாதிக்கும் இன்னொரு நரம்பு நோய், அதற்கு ஷார்ல்வுவா-சாகெனே என்று ஊர்ப் பெயரே வைத்துவிட்டார்கள், 1978இல் முதலில் விவரித்தது.

நோயைக் கொண்டுவந்தவர் த்ராம்ப்ளே என்றும் யாரும் எழுதிவிடாதீர்கள். கஞோன், பூஷார், யாருக்கு வேண்டுமானாலும் இருக்கலாம், எல்லோரும் கலந்தாயிற்று. 2010இல் அந்தப் பகுதியில் நான்கு நோய்களுக்கு, பிள்ளை பெறத் திட்டமிடும் தம்பதிகளுக்கு இலவசப் பரிசோதனை ஆரம்பித்தார்கள். பெயரைப் பார்த்துச் செய்வதில்லை, தாத்தா பாட்டி எந்தப் பகுதி என்று கேட்டுச் செய்கிறார்கள்.

விதண்டாவாதி எழுதியது:

சரி, ஒப்புக்கொள்கிறேன். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், முதல் தடவை.

பரிஸ்பொடியன் எழுதியது:

எனக்கு ஒரு யோசனை. எல்லோருக்கும் ஒரே பெயர் என்றால் அந்தக் காலத்தில் ஊருக்குள் எப்படிக் கூப்பிட்டார்கள்? தபால்காரர் என்ன செய்வார்? எங்கட ஊரில் நாலு கந்தசாமி இருந்தால் கடைக் கந்தசாமி, கிணற்றடிக் கந்தசாமி என்று வந்துவிடும்.

பேரேட்டுக்காரர் எழுதியது:

அங்கேயும் அதேதான் வந்தது! 'தி' என்று ஒரு சொல், 'எனப்படும்' என்று அர்த்தம். இருபத்தொருவர் சங்கத் தலைவரின் முழுப் பெயர் அலெக்சி த்ராம்ப்ளே தி பிக்கொத்தே. பிக்கொத்தே என்றால் புள்ளி விழுந்தவன், அம்மைத்தழும்புக்காரன். வரலாற்றுப் புத்தகத்திலும் அப்படியேதான் எழுதுகிறார்கள், மனிதர் என்ன நினைத்திருப்பாரோ. சில குடும்பங்களில் இந்தப் பட்டப்பெயர் உண்மைப் பெயரையே விழுங்கிவிட்டது, அண்ணன் பழைய பெயரிலும் தம்பி பட்டப்பெயரிலும் தொடர்ந்து, இரண்டு தலைமுறையில் பங்காளி என்பதே மறந்துபோன கதைகள் ஏராளம். தேடுகிறவனுக்குத் தலைவலி.

இன்னொரு முறை, அப்பன் பெயரைக் கோத்துச் சொல்வது. மார்க், ரொஜேயின் மகன், அவர் பியேரின் மகன்: "மார்க் ஆ ரொஜே ஆ பியேர்". கிராமங்களில் வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். குடும்பப் பெயர் என்று ஒன்றைக் கண்டுபிடித்ததே ஆளைப் பிரித்துக் காட்டத்தான், அது அளவுக்கு மீறி வெற்றி பெற்றதும் யாரையும் பிரித்துக் காட்டவில்லை, கடைசியில் நம் இனிஷியலுக்கே வந்து சேர்ந்தார்கள்.

பனிக்காட்டு_பாண்டி எழுதியது:

ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று வேலைக்குப் போனேன். ஒரு வயதான அம்மா வந்தார், எழுபத்தைந்து இருக்கும். த்ராம்ப்ளே என்றார். நான் கெட்டிக்காரத்தனமாக, 1981 சட்டத்துக்குப் பிறகு இங்கே பெண்களுக்குப் பிறந்த பெயர்தானே என்று நினைத்து, "கணவர் பெயரா, பிறந்த பெயரா அம்மா?" என்று கேட்டேன். மருத்துவ அட்டையை மேசையில் வைத்தார், வெள்ளைக் கையுறையைக் கழற்றாமலேயே விரலால் பெயரைத் தட்டிக் காட்டினார். "பிறந்ததும் த்ராம்ப்ளே, கட்டியதும் த்ராம்ப்ளே. பாதிரியார் எங்கள் இரண்டு வீட்டுக் கணக்கையும் பார்த்துவிட்டு, தூரம்தான், பரவாயில்லை என்றார்." அம்மா பெயர் என்ன என்று கேட்டேன். அதுவும் த்ராம்ப்ளேயாம்.

பேரேட்டுக்காரர் எழுதியது:

அருமை! பட்டப்பெயர் கேட்டீர்களா? எந்தக் கிளை? லேஸ் எபூல்மானா, லா மல்பேயா?

பனிக்காட்டு_பாண்டி எழுதியது:

எங்கே கேட்பது ஐயா, பின்னால் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். அதில் இரண்டு பேர் த்ராம்ப்ளே.